கண்டக்டர் இல்லாத பஸ்

1988. இறுதியாண்டு. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் மாலை பஸ்ஸில் நாங்கள் ஒன்பது பேர். பாதி மலையில் பஸ் நின்றது. கண்டக்டர் சில்லறை மாற்ற டீக்கடைக்குள் போனார். எங்கள் விடுதியின் விசில் மன்னன் (பெயர் போட்டால் சிகாகோவிலிருந்து போன் போட்டுத் திட்டுவான்) நாக்கை மடித்து இரண்டு விசில் அடித்தான். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கியர் விழுந்தது, பஸ் கிளம்பிவிட்டது. மூன்று கொண்டை ஊசி வளைவு தாண்டிய பிறகுதான் பெரியவர் ஒருவர், "கண்டக்டர் எங்கப்பா?" என்றார். கண்டக்டர் ஏதோ ஒரு எஸ்டேட் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். தோளில் பை, மூடிய கைக்குள் இன்னும் அந்தச் சில்லறை. அவர் திட்டியதை இந்த மலரில் அச்சிட முடியாது.

திங்கட்கிழமை வகுப்புக்கு வரும்போதே எங்கள் தொலைபேசிப் பாடத்து சாருக்கு விஷயம் தெரிந்திருந்தது. "டிரைவர் மேல தப்பே இல்ல. கண்டக்டர் விசிலும் உங்க விசிலும் ஒரே காத்துலதான வருது? அவர் எப்படிப் பிரிச்சுப் பார்ப்பார்?" என்றார். அப்புறம் போர்டில் 2600 என்று எழுதினார்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் எக்ஸ்சேஞ்சுகளை இணைத்த டிரங்க் லைன் சும்மா இருந்தால் அதில் 2600 ஹெர்ட்ஸ் ஒலி ஓடும். பேச்சு போகும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸுக்குள்ளேயே 'லைன் காலி' என்ற அந்த உத்தரவும் போனது. பேசுகிறவரே அந்த ஒலியை எழுப்பினால், அவர் போனை வைத்துவிட்டதாக மறுமுனை எக்ஸ்சேஞ்ச் நம்பிவிடும். லைனோ அவர் கையில்! அடுத்த ஊருக்குக் காசில்லாமல் பேசலாம். ஜோ எங்ரெஸியா என்ற பார்வையற்ற சிறுவன் அதை வாயாலேயே விசிலடித்தான். சார் எங்கள் மன்னனைப் பார்த்துக்கொண்டேதான் இதைச் சொன்னார்.

மருந்து, பேச்சுக்கு ஒரு வழி, உத்தரவுக்கு வேறு வழி. எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் இ1 என்ற டிஜிட்டல் லைனில் 32 தடம் உண்டு. பேச்சுக்கு 30, 16ஆம் தடம் சிக்னலுக்கு மட்டும். அதற்கும் சார் பஸ்ஸைத்தான் பிடித்தார்: கூரையோரம் ஓடும் மணிக் கயிறு.

"கயிறு என் கைக்கும் எட்டுமே சார்?" என்றான் மன்னன். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "எட்டும்" என்றார். மணி அடித்துவிட்டது.

சிங்கப்பூரில் இருபது வருடம் எனக்கு எஸ்எஸ்7 தான் சோறு போட்டது; தொலைபேசி நிறுவனங்கள் தங்களுக்குள் உத்தரவு பரிமாறிக்கொள்ளும் முறை அது. சிக்னலுக்கென்றே தனி வலை. ஆனால் அதற்குள் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அப்படியே நம்புவார்கள். உள்ளே நுழைந்தவர் யாருடைய கைபேசி எங்கே இருக்கிறது என்று கேட்கலாம், வரும் குறுஞ்செய்தியைத் தன் பக்கம் திருப்பலாம். 2014 டிசம்பரில் ஜெர்மனியில் ஒரு மாநாட்டில் இதை விளக்கிக் காட்டினார்கள். செய்தியைச் சிகாகோவுக்கு அனுப்பினேன்.

பதில் ஒலிப்பதிவாக வந்தது. பேச்சே இல்லை, இரண்டு விசில்.