படத்துக்குக் காரணம் கேட்ட வகுப்பு

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் வட்டார ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்து நம் பள்ளியில் படித்தவர்கள் எங்கே கூடினாலும் பேச்சு காற்பந்துத் திடலில் தொடங்கித் தலைமையாசிரியரின் பிரம்பில் போய் நிற்கும். ஆறாம் ஆண்டில் நமக்குக் கிடைத்த சித்திர வகுப்பைப் பற்றி இதுவரை எந்த நினைவு மலரிலும் யாரும் எழுதவில்லை. மெல்போர்னில் கலையாசிரியையாகச் சம்பாதித்துச் சாப்பிடும் நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

1988-இல், ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். என்ற அரசுத் தேர்வு வந்த புதிது. தேர்வில் இல்லாத பாடம் என்றால் அந்த நேரத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது பல பள்ளிகளில் வழக்கமாக இருந்தது. நம் சித்திர ஆசிரியர் தம் பாடவேளையை ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் ஆபீசுக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்களே என்ற வருத்தம் அவருக்கு. வாய் திறக்கவைக்க அவர் கண்ட வழி படம்.

வரைந்து முடித்த தாள்களை வகுப்பின் குறுக்கே கட்டிய கயிற்றில் மாட்டுவோம். பாதி பேருடையது பழைய நாள்காட்டியின் பின்பக்கம். வரைந்தவர் பேசக் கூடாது. மற்றவர்கள்தான் பேச வேண்டும். "நல்லா இருக்கு சார்", "நல்லா இல்ல சார்" இரண்டும் செல்லாது. தாளில் கண்ணுக்குத் தெரிவதை முதலில் சொல்ல வேண்டும். அப்புறம், வரைந்தவர் என்ன சொல்ல வருகிறார் என்று சொல்ல வேண்டும். சொன்ன உடனே, "எத வச்சுச் சொல்ற?" என்று சார் கேட்பார். எழுந்து போய் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். எல்லாரும் பேசி முடித்த பிறகே வரைந்தவருக்கு முறை வரும்.

ஆசிரியப் பயிற்சியில், கலைப்படைப்பைப் பார்த்துப் பேச அமெரிக்கக் கலைக்கல்வியாளர் எட்மண்ட் ஃபெல்ட்மன் வகுத்த நான்கு படிகளைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. விவரிப்பது, பகுத்துப் பார்ப்பது, பொருள் காண்பது, கடைசியாக மதிப்பிடுவது. சார் அவரைப் படித்திருந்தாரா என்று கேட்க இன்று அவர் இல்லை. ஆனால் தீர்ப்பைக் கடைசியில் வைக்கும் அந்த ஒழுங்கு அவர் வகுப்பிலும் அப்படியே இருந்தது.

ஒரு படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பால்மரம் வெட்டும் காட்சியை, அதாவது பால் வடிய ரப்பர் மரப் பட்டையைக் கீறுவதை, ஒரு பையன் வரைந்திருந்தான். தாள் முழுக்க ஒரே மரம். அடியில் சுண்டுவிரல் உயரத்தில் அவன் அம்மா. நாங்கள் மரத்தின் நிறத்தையும் அம்மாவின் தலைவிளக்கையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "சார், கோடு தப்பு. எங்கம்மா வெட்டுற கோடு எடப்பக்கம் ஒசந்து வலப்பக்கம் எறங்கும். இவன் மாத்திப் போட்டிருக்கான்." ஏன் அப்படி வெட்டுகிறார்கள் என்று சார் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்டு வரச் சொன்னார். பட்டைக்குள் பால் ஓடும் நாளங்கள் நேர்க்குத்தாக இல்லாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து மேலே ஏறுகின்றன. இடமிருந்து வலமாகச் சரித்து வெட்டினால்தான் அதிக நாளங்கள் அறுபடும், பாலும் கூடுதலாக வரும். அடுத்த வாரம் அவள் தன் அப்பாவிடம் கேட்டதைக் கரும்பலகையில் கோடு போட்டே விளக்கினாள். எங்கள் பெற்றோர் கையில் இருந்தது படிப்புக்குச் சமமான அறிவு என்பதை அன்றுதான் நாங்கள் பார்த்தோம்.

சார் அதோடு விடவில்லை. "கோடு சரி. அம்மா ஏன் இவ்வளவு சின்னதா இருக்காங்க?" என்று எங்களைக் கேட்டார். தூரத்தில் நிற்கிறார் என்றான் ஒருவன். பால் வடியும் மங்கு பக்கத்தில்தானே இருக்கிறது, தூரமில்லை என்றாள் இன்னொருத்தி. கடைசியில் வரைந்தவன் பேசினான்: "எங்க வீட்ல மரந்தான் சார் பெருசு. மழ பேஞ்சா வெட்ட முடியாது, சம்பளம் இல்ல." யாருக்கும் பேச்சு வரவில்லை. அவன் கோட்டை அழித்துத் திருத்தினான். அம்மாவின் உயரத்தை மாற்றவே இல்லை. மாற்றச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

பினாங்கு ஓவியர் சுவா தியான் தெங் பாத்தேக் துணியில் செய்த ஓவியங்களின் அச்சுப் படங்களையும் சார் காட்டியிருக்கிறார். மெழுகும் சாயமும் சட்டைத்துணிக்கு மட்டும் உரியவை என்று நினைத்திருந்த எங்களுக்கு அது பெரிய திறப்பு.

எல்லாவற்றுக்கும் மேல் மெர்போக் பயணம். அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சியகம் 1980-இல் திறக்கப்பட்டது. செமெலிங் வழியாகப் போனால் நமக்குப் பக்கம். அங்கே ஓடைக்கரையில் இருக்கும் புக்கிட் பத்து பஹாட் சண்டியை, அதாவது பழங்காலக் கோயிலை, 1930களில் ஆங்கிலேய ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்தார். 1960 வாக்கில் அலாஸ்டேர் லேம்ப் அதன் கற்களைத் திரும்ப அடுக்கி நிறுத்தினார். அடித்தளமும் சுவரும் உண்டு, கூரை இல்லை. "இதுக்கு ஒரு கூரை போடுங்க. ஏன் இந்தக் கூரைன்னு கல்லக் காட்டிச் சொல்லணும்," என்றார் சார்.

நான் உட்படப் பெரும்பாலோர் தோட்டத்து மாரியம்மன் கோயில் கோபுரத்தைத் தூக்கி அதன்மேல் வைத்தோம். பால்மரக் கோட்டைத் திருத்தினாளே, அவள் மட்டும் அத்தாப்புக் கூரை, அதாவது ஓலைக் கூரை, போட்டிருந்தாள். "சாமி இருந்த எடத்துக்கு அத்தாப்பா?" என்று பையன்கள் பாய்ந்தார்கள். அவள் முன்மண்டபத்துக்குப் போய், தூண் நின்ற கல்லில் கையை வைத்தாள். "இங்க நின்னது மரம். அது உக்கிப் போச்சு, அடிக்கல்லு மட்டும் இருக்கு. மேல கல்லுக் கோபுரம் இருந்திருந்தா அந்தக் கல்லெல்லாம் எங்க? மரத்தூணு அதத் தாங்குமா?" கூரை மரத்தாலும் ஓலையாலும் ஆனதாக இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுவதைப் பல வருடம் கழித்துப் படித்தேன். பன்னிரண்டு வயதுப் பெண் அதைக் கல்லைத் தொட்டுப் பார்த்தே சொன்னாள்.

மெல்போர்னில் என் மாணவர்களுக்கு வண்ணத்துக்கும் தாளுக்கும் குறைவில்லை. ஆனாலும் முதல் பருவத்தில் ஒவ்வொரு வகுப்பிலும், "எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்டுக் கேட்டுத்தான் அவர்களை "பிடிச்சிருக்கு" என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டியிருக்கிறது.

யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்றைய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் கலைப்படைப்பைப் பார்த்துப் பேசுவதும் ஒரு பகுதி. ஆகவே நம் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது: நிகழ்வுகளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் தடித்த வரைதாள் வாங்கவும், ஆண்டுக்கொரு முறை மெர்போக்குக்குப் பேருந்து வைக்கவும் கொடுப்போம். முதல் ஆண்டுப் பேருந்துச் செலவு என்னுடையது.