சார்கோ பாதம்: மாவுக்கட்டோடு கழிந்த மாதங்கள்

சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாதம் வீங்கிச் சிவந்து, தொட்டால் சுடுகிறது. புண் இல்லை, காய்ச்சல் இல்லை, வலியும் பெரிதாக இல்லை என்றால் "தானாச் சரியாயிடும்" என்று நடந்துகொண்டிருக்காதீர்கள். அது சார்கோ பாதமாக இருக்கலாம்: மரத்த பாதத்தின் எலும்பு உள்ளுக்குள்ளேயே மெலிந்து உடையும் நோய்.

எனக்கு வலது பாதத்தில் வந்தது. முதலில் காட்டிய இடத்தில் கிருமித்தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்தது, வீக்கம் தீரவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பில் கோளாறு எதுவும் தெரியவில்லை.

பாத சிகிச்சைப் பிரிவில் இருந்த டாக்டரம்மா செய்த முதல் சோதனைக்கு எந்த மெஷினும் தேவைப்படவில்லை. என்னைப் படுக்கவைத்து, காலைத் தலையணைமேல் உயர்த்திவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். அரை மணி கழித்து வந்து பார்த்தால் சிவப்பு நன்றாக இறங்கியிருந்தது. "கிருமியா இருந்தா தூக்கி வெச்சதும் இப்படி வெளுக்காதுங்க சார்." பிறகு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தில் சூடு பார்த்தார். 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே சந்தேகப்பட வேண்டுமாம். எனக்கு அதையும் தாண்டியிருந்தது. எம்ஆர்ஐயில் எலும்பு மஜ்ஜைக்குள் நீர் கோத்திருந்தது. சார்கோ என்றார்.

மரத்த காலில் சின்னச் சுளுக்கோ விரிசலோ நமக்குத் தெரியாது, நடந்துகொண்டே இருப்போம். அடிபட்ட இடத்தில் வரும் அழற்சி வழக்கமாக வேலை முடிந்ததும் அடங்கிவிடும். இதில் அடங்குவதில்லை. டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-1 போன்ற புரதங்கள், எலும்பைக் கரைக்கும் செல்களை முடுக்கிவிடுகின்றன. மெலிந்த எலும்பின்மேல் நடந்தால் இன்னும் உடையும். உடைந்தால் இன்னும் அழற்சி. விட்டால் உள்ளங்கால் வளைவு இடிந்து, படகின் அடிபோலப் புடைத்துவிடும். இத்தனைக்கும் என் ரத்தத்தில் சிஆர்பி (உடலில் அழற்சி இருந்தால் ஏறும் புரதம்) ஏறவே இல்லை. சார்கோவில் அது சகஜமாம்.

நிரூபணமான மருந்து கிடையாது. பாதத்தோடு இடைவெளியின்றி ஒட்டிப் போடும் மாவுக்கட்டுதான் வைத்தியம். கட்டுப் போட்ட தம்பி சொல்லித்தான் தெரியும்: தொழுநோயாளிகளின் மரத்த பாதப் புண்ணுக்கு நம் பக்கத்தில் போட்ட கட்டாம் இது. கொல்லிமலையில் பிறந்து வேலூர் சிஎம்சியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் 1960களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோக, சர்க்கரைக் காலுக்கும் அதுவே வழக்கமானது.

முதல் கட்டு சில நாளிலேயே தொளதொளத்தது. வீக்கம் இறங்குகிறது என்று அர்த்தம். பிறகு வாரம், பத்து நாளுக்கொரு முறை பிரித்து, தோல் உரசியிருக்கிறதா என்று பார்த்து, சூடு அளந்து, மறுபடி கட்டினார்கள். குளியல் பிளாஸ்டிக் ஸ்டூலில், காலுக்குப் பை மாட்டிக்கொண்டு. கட்டின் உயரத்துக்கு ஈடாக இடது செருப்புக்கு அடி ஏற்றினேன். இல்லாவிட்டால் இடுப்பு போய்விடும். பாரமெல்லாம் அந்தக் காலுக்குப் போவதால் அதிலும் சார்கோ வரலாம் என்று ஒவ்வொரு தடவையும் அதையும் சோதித்தார்கள். உண்மையில் சோதனை பொறுமைக்குத்தான். காலில் வலியே இல்லாதபோது வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது கொடுமை.

வித்தியாசம் 2 டிகிரிக்குக் கீழே இறங்கி அடுத்தடுத்த முறைகளிலும் அங்கேயே நின்ற பிறகுதான் கட்டை எடுத்தார்கள். கெண்டைச் சதை வற்றியிருந்தது. இப்போது எம்சிஆர் செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி வைத்தது), நடை கொஞ்சம் கொஞ்சமாக. தினமும் காலையில் என் மனைவி இரண்டு பாதத்திலும் சூடு பார்த்து நோட்டில் எழுதுகிறாள். ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு நாள் வித்தியாசம் 2 டிகிரியைத் தாண்டினால், நடையை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா.