சனிக்கிழமை மலைக்குப் பை கட்டுகிறோம்

மார்ச் 2, திங்கள்

சனிக்கிழமை நானும் தங்கையும் மலையேறுகிறோம். இரவு வரைபடத்தை விரித்துக் கணக்குப் போட்டோம். போக 6 கிலோமீட்டர், வர 6, ஏற்றம் 900 மீட்டர். வெறும் தூரத்தைப் பார்த்தால் மூன்று மணி நேரம் போதும் போலத் தெரியும். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் கிட்டத்தட்ட நான்கு மணி. அது நிற்காமல் நடப்பவர்களுக்கு. ஓய்வு, சாப்பாடு, இறக்கத்தில் முட்டி படும் பாடு எல்லாம் சேர்த்து ஏழு என்று வைத்தோம்.

காலை 6-க்குக் கிளம்புவது. உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் 11-க்குத் திரும்புவது. இதை வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். உச்சி கண்ணெதிரே தெரியும்போது யாருக்கும் கடிகாரம் பார்க்க மனசு வராது.

மார்ச் 4, புதன்

கால் நகம் வெட்டியாச்சு. இறங்கும்போது விரல்கள் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே வரும், வளர்ந்த நகம் கறுத்துவிடும். ஷூ பழகினதேதான். குதிகால் லேசாக உறுத்தும்போதே உட்கார்ந்து டேப் ஒட்டணும் என்று தங்கையிடம் சொல்லிவைத்தேன்.

பருத்திச் சட்டை வேண்டாம். ஏறும்போது வியர்வையில் நனைந்தால் சீக்கிரம் காயாது, நின்றதும் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். மேலே போகப் போக 1000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும், காற்று வேறு.

மார்ச் 6, வெள்ளி இரவு

"மதியமே இறங்கிடுவோம், ஹெட்லைட் எதுக்குக்கா?" என்றாள். ஒரு கணுக்கால் பிசகினால் ஏழு மணி நேரம் பன்னிரண்டாகும். பகல் நடைக்கான பையில் நான் முதலில் வைப்பது ராத்திரிக்கு வேண்டியதைத்தான்: ஹெட்லைட், மாற்று பேட்டரி, கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, உடம்பில் சுற்றிக்கொள்ளும் ஃபாயில் போர்வை. மற்றதெல்லாம் அப்புறம்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். கனமானதை முதுகை ஒட்டி வைத்தால் பை பின்னால் இழுக்காது. விசில் பைக்குள் இருந்து பயனில்லை, தோள்வாரில் கட்டினேன். நிமிஷத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிஷம் விட்டு, மறுபடி ஊதுவது ஆல்ப்ஸ் மலைகளில் ஆபத்து சமிக்ஞை. வட அமெரிக்காவில் மூன்று முறை. ஃபோனில் வரைபடத்தை இறக்கி ஏரோப்ளேன் மோடில் போட்டால் சார்ஜ் நிற்கும், ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். காகித வரைபடமும் வருகிறது.

எந்தப் பாதை, எப்போது திரும்புவோம் என்று அண்ணனுக்கு எழுதி அனுப்பினேன். மாலை 5 வரை ஃபோன் வராவிட்டால் மீட்புக் குழுவைக் கூப்பிடுவது அவர் பொறுப்பு.

மார்ச் 7, சனி, காலை 4:30

வானிலை மாறியிருக்கிறது. மதியத்துக்கு மேல் இடி என்கிறார்கள். வெயிலில் சரிவு சூடாகி ஈரக்காற்று மேலே ஏறுவதால் மலையில் மதியத்துக்கு மேல்தான் இடி அதிகம், எங்கள் பாதையின் கடைசிப் பகுதியோ மரமே இல்லாத முகடு. இடிச் சத்தம் காதில் விழுகிறதென்றாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். திரும்பும் நேரத்தை 10 ஆக்கினோம். உச்சி கிடைக்காமல் போகலாம், தங்கைக்கும் சம்மதம். அண்ணனுக்குப் புது நேரத்தை அனுப்பியாச்சு. சரி, தண்ணீர் பிடிக்கணும்.