கோபால்ட் கணக்கு

பிப்ரவரி 11, 2025

ஆண்டுதோறும் கொடுக்கும் ரத்தத்தை இன்று கொடுத்துவிட்டு வந்தேன். சர்க்கரைக்கோ கொழுப்புக்கோ அல்ல. இடுப்பிலுள்ள உலோக மூட்டிலிருந்து கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க. இதற்கு வழக்கமான ஊசி ஆகாது. ஊசி எஃகு, எஃகில் குரோமியம் உண்டு, அந்தத் துளியும் கணக்கில் ஏறிவிடும். செவிலியர் மெல்லிய பிளாஸ்டிக் குழலை நரம்பில் ஏற்றிவிட்டு ஊசியை உருவினார். முதலில் வந்த ரத்தத்தை வேறொரு குழாயில் பிடித்து ஒதுக்கினார். அதன் பிறகுதான் உலோகச் சோதனைக்கான கருநீல மூடி போட்ட குழாயை எடுத்தார். எத்தனையோ இடங்களில் இந்தப் பக்குவம் தெரியாமல் எடுத்து, தப்பான எண்ணைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. நன்றி சொன்னேன்.

எனக்கு இடது இடுப்பில் இருப்பது 2009இல் வைத்த செயற்கை மூட்டு. பந்து, கிண்ணம் இரண்டும் கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகம். வயது குறைவு, நடமாட்டம் அதிகம், பிளாஸ்டிக் கிண்ணமென்றால் சீக்கிரம் தேய்ந்துவிடும், உலோகத்தின்மேல் உலோகம் அசைந்தால் தேய்மானமே மிகக் குறைவு என்று சொல்லி வைத்தார்கள். தேய்மானம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் உதிர்வது நானோமீட்டர் அளவுத் துகள். எடை குறைவு, எண்ணிக்கை பிளாஸ்டிக் துகள்களைவிடப் பல மடங்கு. கையேட்டில் எடையைப் பற்றி மட்டும் எழுதியிருந்தது.

பிப்ரவரி 26

முடிவு வந்துவிட்டது. கோபால்ட் லிட்டருக்கு 163 நானோமோல், குரோமியம் 104.

சென்ற ஆண்டு வேறு ஆய்வகம். அவர்கள் மைக்ரோகிராமில் கொடுத்திருந்தார்கள். நானோமோல் என்பது எடையல்ல, அணுக்களின் எண்ணிக்கை. ஒப்பிடுவதற்கு நானே உட்கார்ந்து அணு எடையால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தேன். கோபால்ட்டின் அணு எடை ஏறத்தாழ 59, குரோமியத்தினுடையது 52. ஆக, கோபால்ட் 9.6 மைக்ரோகிராம், குரோமியம் 5.4. சென்ற ஆண்டு கோபால்ட் 6.8 இருந்தது. உடம்பில் உலோக மூட்டு எதுவும் இல்லாதவர்களுக்கு இது பொதுவாக ஒன்றுக்கும் கீழே இருக்கும்.

பிரிட்டனின் மருந்து, மருத்துவக் கருவிகள் ஒழுங்குமுறை அமைப்பு 2010இல் ஓர் எண்ணைச் சொன்னது: லிட்டருக்கு 7 மைக்ரோகிராம். நானோமோலில் கோபால்ட்டுக்கு 119, குரோமியத்துக்கு 134.5. அதைத் தாண்டினால் ரத்தத்தை மறுபடி பார், ஸ்கேன் எடு, விடாமல் கவனி என்பதே அதன் பொருள். ஏழுக்குக் கீழே பத்திரம், ஏழுக்கு மேலே நஞ்சு என்று யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அப்படி ஓர் எண்ணையே வைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டிய எனக்கு, வரம்பு என்று ஒன்று இருந்தும் வரம்பாக இல்லாதது எரிச்சலூட்டுகிறது.

மார்ச் 2

"வலிக்கிறதா?"

கணவர் கேட்கிறார், மகள் தொலைபேசியில் கேட்கிறாள், அக்கா கேட்கிறாள். இல்லை என்கிறேன். "பிறகென்ன, விடு" என்கிறார்கள். வலி இல்லாத மூட்டின் உள்ளேயும் தசை அரித்துப்போயிருக்கலாம்; எண் உயர்ந்தும் தசை நன்றாக இருக்கலாம்; எண் தாழ்ந்திருந்தும் அழிந்திருக்கலாம். இதை மூன்று பேருக்கும் தனித்தனியாக விளக்கினேன். அக்காதான் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "அப்படியானால் அந்த எண்ணால் என்ன பயன்?" என்றாள். பதிலுக்கு நேரம் பிடித்தது. ஒற்றை எண்ணால் பெரிய பயனில்லை. அது ஏறுகிறதா, நிற்கிறதா என்பதில்தான் விஷயம் என்றேன்.

மார்ச் 9

தெரிந்தவர் ஒருவர் "உலோகத்தை வெளியே இழுக்கும்" பொடி ஒன்றை அனுப்பியிருக்கிறார். அலமாரியில் வைத்துவிட்டேன். மூட்டு உள்ளே இருக்கும்வரை அது உதிர்த்துக்கொண்டேதான் இருக்கும். குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பதுபோல.

அதைவிடப் பயனுள்ள செய்தி டாக்டர் சொன்னது. கோபால்ட்டைப் பெரும்பாலும் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. ஆகவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்க்க வேண்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் வலி மாத்திரைகளைக் கண்டபடி விழுங்கக் கூடாது. சத்து மாத்திரைகள் பலவற்றில் குரோமியம் இருக்கிறது. அடுத்த சோதனைக்கு முன் அவற்றை நிறுத்தச் சொன்னார். பி12 பற்றிக் கேட்டேன், அதன் நடுவிலும் கோபால்ட் அணுதானே உட்கார்ந்திருக்கிறது? அந்த அளவு மிகச் சிறியது, தேவையென்றால் தயங்காமல் சாப்பிடுங்கள் என்றார்.

மார்ச் 20

எம்.ஆர்.ஐ. சாதாரணமாக எடுத்தால் மூட்டைச் சுற்றிப் படம் முழுவதும் கறுத்துச் சிதைந்துவிடும். உலோகத்தால் வரும் அந்தச் சிதைவைக் குறைக்கத் தனி முறை இருக்கிறது. சீட்டில் அதைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உடை மாற்றினேன். எழுதியிருந்தது. ஆனாலும் உள்ளே இருந்த இளைஞரிடம் ஒருமுறை வாய்விட்டும் கேட்டுக்கொண்டேன். சிரித்தார். சிரிக்கட்டும்.

மார்ச் 27

மூட்டின் பின்புறம் திரவம் தேங்கிய பை ஒன்று இருக்கிறது. சுவர் மெல்லியது. தசைகளுக்குப் பெரிய சேதமில்லை. அறிக்கையில் "சூடோட்யூமர்", அதாவது பொய்க் கட்டி, என்று எழுதியிருந்ததைப் படித்ததும் கணவர் முகம் வெளுத்துவிட்டது. புற்றுநோயோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. உலோகத் துகளை விழுங்கிய செல்கள் செத்து, அதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பில் உருவாகும் வீக்கம். பெயர் வைத்தவர்கள் நோயாளியின் கணவர் அறிக்கையைப் படிப்பார் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

வலி இல்லை என்பதை இனி யாரிடமும் ஆறுதலாகச் சொல்லப் போவதில்லை.

ஏப்ரல் 5

இரவில் காதில் ஓர் இரைச்சல். பழையதா, புதியதா என்று சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. கோபால்ட் மிக அதிகமானால் காது, கண், நரம்பு, தைராய்டு, இதயம் என்று எல்லாவற்றையும் தொடும் என்று படித்த நாளிலிருந்து எல்லாமே எனக்கும் இருப்பதாகப் படுகிறது. மறதிகூட. என் வயதில் யாருக்கு மறதி இல்லை?

இதயத்தைப் பற்றிய செய்தி பழையது. 1960களின் நடுவில் கனடாவின் கியூபெக் நகரில் பீர் நுரை கலையாமல் நிற்க அதில் கோபால்ட் உப்பைச் சேர்த்தார்கள். அதை மிதமிஞ்சிக் குடித்துவந்தவர்கள் பலருக்கு இதயத் தசை பலவீனமடைந்து, சிலர் இறந்தும்போனார்கள். சேர்ப்பதை நிறுத்தியதும் புதிய நோயாளிகள் வருவது நின்றது. செயற்கை மூட்டால் அப்படி ஆகுமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அலாஸ்காவின் எலும்பு அறுவை மருத்துவர் ஸ்டீபன் டவர், தமக்கே உலோக மூட்டு வைத்துக்கொண்டு, ரத்தத்தில் கோபால்ட் ஏறி, காதும் இதயமும் பாதிக்கப்பட்டவர். 2010இல் அவர் அதை மருத்துவ இதழில் எழுதினார். அவருடைய அளவு என்னுடையதைவிடப் பல மடங்கு. அதைப் படித்தபோது பயத்தைவிட ஒருவகை நிம்மதிதான் வந்தது: மருத்துவருக்கே வந்ததால் யாரும் அதை மனப்பிரமை என்று தள்ளிவிட முடியவில்லை.

ஏப்ரல் 16

இதயத்துக்கான எக்கோ ஸ்கேன், தைராய்டு சோதனை இரண்டும் சரி. செவித்திறன் சோதனையில் வயதுக்கேற்ற குறைவு மட்டும். இரைச்சல் தொடர்கிறது. யார் காரணமென்று தெரியாமலே அதோடு இருந்துகொள்கிறேன்.

மே 29

கோபால்ட் 190. அதாவது 11.2 மைக்ரோகிராம். அதே ஆய்வகம், அதே கருநீல மூடி, சத்து மாத்திரை கிடையாது, கிரியாட்டினின் சரி. சாக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

ஜூன் 6

அறுவை மருத்துவர் எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். கிண்ணம் சற்றுச் செங்குத்தாக நிற்கிறது. அதனால் பந்து கிண்ணத்தின் நடுவில் உராயாமல் விளிம்பில் உராய்கிறது. அங்கே வழுவழுப்புத் திரவம் நிற்பதில்லை, உலோகம் உலோகத்தைச் சுரண்டுகிறது. பெண்களுக்குச் சிறிய அளவு மூட்டு வைப்பதால் இந்தச் சிக்கல் கூடுதலாக வருகிறது என்றும் சொன்னார். பதினாறு ஆண்டுகளாக ஒவ்வோர் எக்ஸ்ரேயிலும் தெரிந்த அதே கோணம். எல்லா அறிக்கையிலும் "நிலை திருப்தி" என்று இருக்கிறது.

"பொறுத்துப் பார்க்கலாமா?" என்றேன்.

"பார்க்கலாம். ஆனால் இடுப்பைத் தாங்கும் தசைகள் இப்போது நன்றாக இருக்கின்றன. அவை போன பிறகு மாற்றினால் மூட்டு நழுவிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு வலிக்காத இந்த நேரம்தான் எனக்கு வசதி."

இதுவரை கேட்ட பேச்சிலெல்லாம் இதுதான் கணக்குக்கு ஒத்துவந்தது. சரி என்றேன்.

ஜூன் 17

ஆகஸ்டில் அறுவை. தொடை எலும்புக்குள் இருக்கும் தண்டு உறுதியாக இருந்தால் அதை எடுக்க மாட்டார்கள். அதன் கழுத்தைச் சுத்தம் செய்து, டைட்டானியம் உறை போட்டு, மேலே பீங்கான் பந்து. கிண்ணம் புதிது; உள்ளே தேய்மானம் குறைந்த புதுவகைப் பிளாஸ்டிக் உள்ளுறை. 2009இல் என் வயதுக்கு ஆகாது என்று ஒதுக்கிய பிளாஸ்டிக்குக்கே திரும்புகிறேன், மேம்பட்ட வடிவத்தில். கோபால்ட் சில வாரங்களிலேயே நன்றாக இறங்கத் தொடங்கும், குரோமியம் மெதுவாகத்தான் போகும் என்றார். முதல் சோதனைக்கான சீட்டை இப்போதே எழுதி வாங்கிக்கொண்டேன்.

எடுக்கும் பந்தையும் கிண்ணத்தையும் எனக்கே தர வேண்டும் என்று கேட்டேன். முதலில் ஆய்வகத்துக்குப் போகும், தேய்மானத்தை அளப்பார்கள், பிறகு தரலாம் என்றார்கள். அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன், ஒரு நகலையும் வாங்கிக்கொண்டேன். "வீட்டில் அதை வைத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் கணவர். எடை போட்டுப் பார்க்கப் போகிறேன் என்றேன். சமையலறைத் தராசில் அது தெரியாது என்பது எனக்கும் தெரியும்.