நெட்டித் தக்கை

மாட்டுப் பொங்கல் முடிந்து மாடுகளின் கழுத்திலிருந்து அவிழ்க்கிற நெட்டி மாலையை எங்கள் வீட்டில் எறிவதில்லை. அப்பாயி காலத்து வழக்கம். மாடு கடிக்காமல் விட்ட துண்டுகளைப் பொறுக்கி, அதில் சிவப்புச் சாயம் ஏறியவற்றைத் தனியே எடுத்து வைப்பேன். வெயிலில் குளத்துத் தண்ணீர் பளபளக்கும்போது வெள்ளை நெட்டி கண்ணுக்குப் பிடிபடாது, சிவப்பு தெரியும். அந்த வருஷத்துத் தூண்டிலுக்கு, மீன் கடிப்பதைக் காட்ட நூலில் கட்டி மிதக்கவிடுகிற தக்கை அதுதான்.

தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு இப்போது புவிசார் குறியீடு இருக்கிறது. பெரிய கோயிலையே நெட்டியில் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். குளம் குட்டையில் தானாக முளைக்கிற செடிதான். காய்ந்த தண்டின் தோலைச் சீவினால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும், கையில் வைத்தால் எடையே தெரியாது. கடையில் விற்கிற பிளாஸ்டிக் தக்கை சின்ன மீன் தொட்டால் அசையாது. நெட்டி அப்படி இல்லை, புழுவை மோந்து பார்த்துவிட்டுப் போன மீனைக்கூடச் சொல்லிவிடும். எனக்குத் தூண்டில் போடுவதில் இருக்கிற சந்தோஷத்தில் முக்கால்வாசி இந்தத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். மீன் கிடைப்பது அப்புறம்.

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்தால், தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பில் பிரிந்து, எங்கள் வாய்க்காலை எட்டிக் குளத்துக்குள் விழ மேலும் சில நாள் ஆகும். புதுத்தண்ணீரை எதிர்த்து மீன் ஏறுவதைப் பார்க்க ஊரே மதகடியில் கூடும். பையன்கள் வலையோடு நிற்பார்கள். நான் அப்போது தூண்டிலைத் தொடமாட்டேன். ஏறுகிற மீன் முட்டையும் வயிறுமாக ஏறுகிறது, அதை வழியிலேயே மறிக்க எனக்கு மனம் வராது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குளம் முழுக்கச் செம்மண் கலங்கல். தை பாதிக்கு மேல்தான் நமக்குக் காலம். ஜனவரி 28-இல் மேட்டூரை மூடிவிடுவார்கள், வாய்க்கால் ஓட்டம் குறையும், தண்ணீர் தெளிந்து அல்லித் தண்டு அடிவரை தெரியும். அறுவடையும் முடிந்திருக்கும், கரையில் உட்கார்ந்தால் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

குளம் குத்தகைக்குப் போவது. எடுத்தவர் எனக்குச் சித்தப்பா முறை. அவர் விட்டு வளர்க்கிற கட்லா, ரோகு மாட்டினால் அப்படியே திரும்ப விட்டுவிட வேண்டும். கெளுத்தி, கெண்டை, குறவை, ஜிலேபி எடுத்துக்கொள்ளலாம். இதுதான் எங்களுக்குள் பேச்சு. "நீ கழி எடுத்துக்கிட்டு வந்தா என் குளத்துக்கு ஒண்ணும் கொறையாது ஆயா, போய் உக்காரு" என்பார்.

கொல்லை மூங்கிலில் ஒரு கழி, நூலுக்குக் கொஞ்சம் தங்கூசி நரம்பு, சின்னத் தூண்டில் முள், கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக ஓர் ஈயத் துண்டு, எருக்குழி ஓரம் கிளறி எடுத்த மண்புழு. அவ்வளவுதான்.

இனி தக்கை. கெண்டைப்பொடி வந்தால் தக்கை நின்ற இடத்திலேயே நடுங்கும். புழுவை நுனியிலிருந்து கொறித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இழுத்துப் பிரயோஜனம் இல்லை, முள் அதன் வாய்க்குள் போயே இருக்காது. ஜிலேபி இரண்டு தட்டுத் தட்டும், ஒரு நிமிஷம் யோசிக்கும், பிறகு தக்கையைச் சாய்த்தபடி பக்கவாட்டில் நடத்திக்கொண்டு போகும். பனையேறிக் கெண்டைக்குப் பொறுமை கிடையாது. வெடுக்கென்று இழுக்கும், விடும், மறுபடி வெடுக். பெரிய கெண்டை சேற்றைத் துழாவிப் புழுவை எடுத்துத் தலை நிமிர்ந்தால் ஈயமும் சேர்ந்து தூக்கப்படும். அதுவரை நிமிர்ந்து நின்ற தக்கை தண்ணீர்மேல் படுத்துவிடும். புதிதாகப் பிடிப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, தக்கை உள்ளே போனால்தான் மீன் என்று காத்திருப்பார்கள்.

கெளுத்தி நேர்மையான மீன். தயக்கமே இல்லாமல் ஒரே சீராக இழுத்துக்கொண்டு ஓடும். பிடித்தபின்தான் அதனிடம் கவனம் வேண்டும். இரண்டு பக்கமும் முதுகிலுமாக மூன்று முள். குத்தினால் அன்றைக்குச் சோறு பிசைய முடியாது. பக்க முள்ளுக்குப் பின்னால் விரலைக் கொடுத்து அணைத்துப் பிடிக்க வேண்டும் என்று அப்பாயி என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது. தக்கை மெதுவாக, துடிப்பே இல்லாமல் அமிழ்ந்தால் ஆமை. கழியை வேறு பக்கம் மாற்றிவிட வேண்டியதுதான்.

விரால் எடுத்தால் முன்னறிவிப்பே இருக்காது. தக்கை இருந்தது, இப்போது இல்லை. உடனே சுண்டி இழுத்தால் முள் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். கொஞ்சம் விட்டு, கழியில் பாரம் இறங்கிய பிறகு இழுக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் நெஞ்சு அடிக்கிற அடி இருக்கிறதே, அதை நான் வேறு எந்தக் காரியத்திலும் அனுபவித்ததில்லை.

என் தம்பிக்கு ஊட்டிப் பக்கம் வேலை. அங்கே அவலாஞ்சி ஏரியில் டிரவுட் மீன் உண்டு. வெள்ளைக்காரர்கள் வெளிநாட்டு முட்டையைக் கொண்டுவந்து, 1907-இல் அங்கே பொரிப்பகமே வைத்து வளர்த்த மீன். இருபது டிகிரிக்குக் கீழே குளிர்ந்த தண்ணீர் இருந்தால்தான் அதற்கு நிம்மதி, நம் குளத்தில் விட்டால் சித்திரை தாண்டாது. அந்த மீனுக்குப் புழு கோர்ப்பதைவிட இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரிக் கட்டி வீசுவதுதான் பெரிய கலையாம். ஈயம் கிடையாது, நூலின் எடையிலேயே அது பறந்து போய்த் தண்ணீர்மேல் உட்காரும். தம்பி போனில் படம் அனுப்பியிருந்தான். பூச்சியின் உடம்புக்கு மயிலிறகின் இழையைச் சுற்றியிருந்தார்கள்! நெட்டி கிடைக்காத வருஷம் எங்கள் அப்பாயி தக்கைக்கு வெட்டியது மயிலிறகின் தண்டைத்தான். இழை மலைக்கும் தண்டு வயலுக்குமாகப் பிரிந்து போனதுபோல எனக்குப் பட்டது. ஒருமுறை அந்தக் கரையில் நின்று வீசிப் பார்க்க வேண்டும்.

இப்போது தம்பி மகள் எங்களோடு இருந்து படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு முன்னால் கழியோடு தயாராகிவிடுவாள். போன வாரம் அல்லிக்கு நடுவில் தண்ணீர் சிவந்து கொப்பளித்தது. விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், பந்தாகத் திரண்டு மூச்சுக்கு மேலே வந்து போகின்றன. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும், குஞ்சும் அப்படித்தான். அடியில் காவலுக்குத் தாயோ தகப்பனோ நிற்கும். கிட்டே எது வந்தாலும் பசி இல்லாவிட்டாலும் பாய்ந்து கடிக்கும். அதனாலேயே அந்த நேரத்தில் பிடிப்பது சுலபம், பலர் அதைத்தான் தேடி வருகிறார்கள். காவல் போனால் மற்ற மீன்கள் அந்தப் பந்தைத் தின்று தீர்த்துவிடும்.

"அத்தை, அங்க போடவா? பெரிய மீன் இருக்கும்ல?"

"வேணாம்டி. கழிய இந்தப் பக்கம் திருப்பு."

"அப்ப எப்பத்தான் புடிக்கிறது?"

"செவப்பு மாறிக் கருத்து, குஞ்செல்லாம் தனித்தனியாப் பிரிஞ்சு போவட்டும். அப்புறம் வருவோம்."

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, படித்துறைப் பக்கமாகப் போய்த் தூண்டிலைப் போட்டாள். அங்கே ஜிலேபிதான் கிடைக்கும்.