கார்டின் மறுபக்கம்

1980களில் மதுரைப் பக்கம் ஒரு துணை அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்தேன். தபால்களுக்கு முத்திரை குத்தி, ஊர்வாரியாகப் பிரிப்பது காலை வேலை. உறை என்றால் கை நிற்காது. கார்டு என்றால் கண் தானாக மறுபக்கம் போய்விடும். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால், யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்க்காமல் கீழே வைக்க மாட்டேன்.

"முகவரிதான் நமக்கு. மற்றது அவர்கள் வீட்டுச் சங்கதி" என்பார் போஸ்ட்மாஸ்டர். 1879இல் தபால் அட்டையைத் திறந்த மேனியாக நாட்டுக்குள் விட்டவர்களை அல்லவா அவர் கண்டித்திருக்க வேண்டும்!

ஒருநாள் "பெரியசாமி, மேலத்தெரு, புதூர்" என்று மட்டும் எழுதிய கார்டு ஒன்று. 1972லேயே பின்கோடு வந்துவிட்டது. அந்த ஆறு இலக்கத்தை எழுதத்தான் ஆள் இல்லை. இப்படி வருவதை மதுரையிலுள்ள புதூருக்கு அனுப்புவோம். பெரும்பாலும் திரும்பி வரும். நான் படித்துப் பார்த்தேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், எட்டயபுரம் சந்தையில் கிடாவை விற்றாவது பணம் அனுப்பவும் என்றிருந்தது. எட்டயபுரத்துக்கு ஆடு ஓட்டிப் போகிறவர் மதுரைப் புதூரில் எப்படி இருப்பார்? எட்டயபுரத்தை ஒட்டி, விளாத்திகுளம் பக்கம் இன்னொரு புதூர் உண்டு. 'விளாத்திகுளம் வழி' என்று சிவப்பு மையில் எழுதி, அந்தப் பக்கம் போகும் தபால் கட்டோடு சேர்த்தேன். பத்து நாளில் அதே மேலத்தெருவிலிருந்து மணியார்டர் வந்தது. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. படிப்பதும் உத்தியோகத்தில் சேர்த்திதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தத் தைரியம்தான் டீக்கடை அண்ணாச்சி விஷயத்தில் கெடுத்தது. ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் பொருத்தம் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் அவருக்கு எழுதிய கார்டு காலைப் பையில் வந்திருந்தது. படித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

"மண்டபத்துக்கு இன்று முன்பணம் கட்டப் போகிறேன் சார்" என்றார்.

"இரண்டு நாள் பொறுங்களேன் அண்ணாச்சி."

ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது. என் முகத்தையே பார்த்தார். போஸ்ட்மேன் அந்தத் தெருவுக்கு வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

முன்பணம் மிஞ்சியது உண்மைதான். ஆனால் பெற்ற மகளின் செய்தி, தனக்கு முன்னால் டீ குடிக்க வந்தவனுக்குத் தெரிந்திருக்கிறதே!

அடுத்த வாரம் கவுன்ட்டருக்கு வந்தார். எப்போதும் கார்டு வாங்குகிறவர் இன்லண்ட் லெட்டர் கேட்டார். அங்கேயே நின்று எழுதி, மடித்து, மேசையிலிருந்த கோந்தை எடுத்து மூன்று ஓரத்திலும் தடவினார். காயும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.