சருகு சேர்த்த பிறகுதான் சூடு ஏறியது

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு தீப்பிடித்து நாட்கணக்கில் புகைந்தது. வேளச்சேரியில் எங்கள் வீட்டு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு, ஈரத்துணியால் மூக்கை மூடியபடி உட்கார்ந்திருந்தோம். நாங்கள் தினமும் கீழே வைக்கிற வாளியும் அங்கேதான் போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில், எங்கள் வாழைக்காய்த் தோலும் மீந்த சாம்பாரும்.

எங்கள் அடுக்ககத்தில் 36 வீடுகள். ஒரு நாளைக்கு ஈரக்குப்பை மட்டும் ஏறக்குறைய 20 கிலோ. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மட்கும் குப்பையை முடிந்தவரை உள்ளேயே கையாள வேண்டும் என்றன. எங்களுடையது அதைவிடச் சிறிய இடம். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் சங்கக் கூட்டத்தில் பேசி, ஈரக்குப்பையை மட்க வைத்து உரமாக்க, மோட்டார் அறைக்குப் பின்னால் நாலடிக்கு நாலடியில் மூன்று தொட்டிகள் கட்டினோம். காற்று போக, செங்கலுக்குச் செங்கல் இடைவெளி விட்ட தொட்டிகள்.

முதல் தவறு அடுத்த வாரமே நடந்தது. நுண்ணுயிர்ப் பொடி விற்ற ஒருவர், "குப்பை மேல தூவிடுங்க சார், 15 நாள்ல உரம்" என்றார். நம்பித் தூவினோம். பத்தாவது நாள் தொட்டியின் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்தது. அழுகின முட்டை வாசனை. புழு நெளிந்தது. முதல் மாடியில் ஒரு வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அந்த அம்மா வந்து கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

பதில் சொன்னவர் எங்கள் வளாகத்தைச் சுத்தம் செய்யும் அக்கா. தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஊரு எருக்குழியில வெறும் சாணியை மட்டுமா கொட்டுவோம்? கூளமும் செத்தையும் சேத்துத்தான் தம்பி போடுவோம். இது மூச்சு விட முடியாம கெடக்கு."

அதுதான் விஷயம். வேகமாக மட்க வைக்கும் பாக்டீரியாக்களுக்குக் காற்று வேண்டும். சோறும் காய்கறியும் மட்டும் போட்டால் நசநசவென்று அமுங்கி, காற்றில்லாமல் வாழும் வேறு கூட்டம் கையோங்கிவிடும்; நாற்றம் அவை கிளப்புவது. பாக்டீரியாக்களின் உணவுக்கும் ஒரு கணக்கு உண்டு. நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு இருக்க வேண்டும். சமையலறைக் கழிவில் நைட்ரஜன் அதிகம்; கார்பன் சருகிலும் தேங்காய் நார்த்தூளிலும் இருக்கிறது.

தொட்டியை முழுக்கக் காலி செய்து, தார்ப்பாயில் பரப்பி, நார்த்தூளும் சருகும் கலந்து மறுபடி நிரப்பினோம். பாதி நாள் வேலை. அதன் பிறகு ஒரு வாளி ஈரக்குப்பைக்கு ஏறக்குறைய ஒரு வாளி சருகு என்பது எங்கள் கணக்கு. கலவையைக் கையில் அள்ளி இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம். ஒழுகினால் இன்னும் சருகு.

நுண்ணுயிருக்கு, காசியாபாத்தில் உள்ள மத்திய அரசின் இயற்கை வேளாண்மை மையம் உருவாக்கிய 'வேஸ்ட் டீகம்போஸர்' பாட்டிலுக்கு மாறினோம். அப்போது விலை 20 ரூபாய். 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ வெல்லத்தைக் கரைத்து, இதைக் கலந்து, தினமும் ஒரு குச்சியால் கிளறிவிட்டால் ஐந்தாறு நாளில் புளித்த வாசனையோடு தயாராகிவிடும். குளோரின் கலந்த தண்ணீர் என்றால் ஒரு ராத்திரி டிரம்மில் திறந்து வைத்துவிட்டு அப்புறம் கலக்குங்கள். நுண்ணுயிரைக் கொல்வதற்காகவே சேர்க்கப்பட்ட மருந்து அது. நாம் வளர்க்கிறதையும் விட்டுவைக்காது. டிரம்மில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டால் அடுத்த முறைக்கு அதுவே உறை மோர்.

சரி, சூடு. மறுபடி நிரப்பிய மூன்றாம் நாள் காலையில் அக்கா மேலே வந்து கதவைத் தட்டினார். கிளறும்போது ஆவி பறக்கிறதாம். இறங்கிப் போய் ஒரு இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்தேன். பிடிக்க முடியவில்லை. வெப்பமானி 62 டிகிரி காட்டியது. நெருப்பு இல்லை, மின்சாரம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்று, மூச்சு விட்டுக் கிளப்பிய சூடு! 55 டிகிரிக்கு மேல் சில நாட்கள் நின்றால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். ஓரத்தில் கிடப்பதும் அந்தச் சூட்டைப் பார்க்க வேண்டும் என்பதால் நாலைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டிப் போட்டோம்.

சூடு தணிந்ததும் சாம்பல் பூத்தாற்போல வெள்ளை இழைகள் படர்ந்தன. பூஞ்சை என்று பயந்து சிலர் படம் எடுத்து அனுப்பினார்கள். பெரும்பாலும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற பாக்டீரியா வகைதான். முதல் மழையின் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குவதும் அந்த வகைதான். எங்கள் தொட்டியிலிருந்தும் அதே வாசனை வந்தது. முதல் மாடி அம்மாவைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னேன்.

ஐம்பது நாளும் ஆறப்போட்ட இரண்டு வாரமும் ஆனது. அவசரப்பட்டுச் செடிக்குப் போடாதீர்கள். பாதி மட்கியது வேரைக் கருக்கும். ஒரு கைப்பிடியை ஈரமாகப் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்தால் கெட்ட வாசனை வரக் கூடாது. நாங்கள் வெந்தயமும் விதைத்துப் பார்த்தோம், முளைத்தது. சலித்த முதல் மூட்டையை அக்கா ஊருக்கு, அவருடைய கத்தரிப் பாத்திக்குக் கொண்டுபோனார்.

இன்னும் சிரமம் தருவது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் காய்ந்த சருகுக்கு எங்கே போவது? அதனால் மாசி, பங்குனியில் புங்கையும் வேம்பும் இலை கொட்டும்போதே கூட்டி அள்ளி, சாக்கில் கட்டி, படிக்கட்டுக்கு அடியில் அடுக்கிவிடுகிறோம். போன வருடம் 40 சாக்கு போதவில்லை. இந்த முறை பக்கத்துத் தெருப் பூங்காவிலும் கேட்டு வைத்திருக்கிறோம்.